லூபெக் புனித மரியாள் தேவாலயம்: ஒரு செங்கல் கோதிக் கட்டடத்தின் கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளாக

வடஜெர்மனியில், பால்டிக் கடலிலிருந்து சிறிது தூரம் உள்ளே தள்ளி இருக்கிறது லூபெக். அந்த நகரின் புனித மரியாள் தேவாலயத்தைப் படத்தில் பார்த்தவர்கள் முதலில் கேட்பது "இவ்வளவும் செங்கல்லா?" என்றுதான். ஆமாம், சுவர், தூண், வளைகூரை, கோபுரம் எல்லாமே செங்கல். பாணி கோதிக், அதாவது கூர்முனை வளைவுகளோடு உயர எழும் இடைக்கால ஐரோப்பியக் கட்டட முறை. அடுத்த கேள்வி "எப்போது கட்டினார்கள்?" என்பது. அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் கட்டடத்தின் பாதிக் கதை போய்விடும். ஒரே வரைபடத்தை வைத்துத் தொடங்கி, அதன்படியே முடித்த கட்டடம் இல்லை இது. கட்டிக்கொண்டிருக்கும்போதே மனதை மாற்றினார்கள், கட்டியதை இடித்தார்கள், பெரிதாக்கினார்கள். வாசகர்கள் கேட்கும் கேள்விகளை அந்தக் கதை நகரும் வரிசையிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

லூபெக்கின் பழைய நகரம் ஒரு தீவு. டிராவெ ஆறும் வாக்கெனிட்ஸ் ஆறும் அதைச் சூழ்ந்து ஓடுகின்றன. தீவின் மேட்டுப் பகுதியில், சந்தைச் சதுக்கத்துக்கும் நகரமன்றத்துக்கும் ஒட்டினாற்போல் தேவாலயம் நிற்கிறது. நீளம் 103 மீட்டர். உள்ளே நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரம். இரண்டு பக்கக்கூடங்களுமே 20.7 மீட்டர் உயரம். பல ஊர்களில் தேவாலயத்தின் நடுக்கூடம்கூட அந்த உயரத்தை எட்டாது. மேற்கே இரட்டைக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 125 மீட்டர்.

ஏன் கருங்கல்லில் கட்டவில்லை?

கல் இல்லை. அதுதான் உண்மையான காரணம். பால்டிக் கரையோரம் முழுக்கப் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் மணலும் களிமண்ணும்தான். வயலை உழும்போது கிரானைட் உருண்டைகள் அகப்படும். கிராமத்துச் சிறு தேவாலயங்களையும் அடித்தளங்களையும் அவற்றால் கட்டினார்கள். ஆனால் செதுக்கி அடுக்கி உயரமாக எழுப்பத்தக்க பாறை பக்கத்தில் எங்குமே இல்லை. கோட்லாந்து தீவிலிருந்து சுண்ணாம்புக்கல் கப்பலில் வந்தது. விலை அதிகம் என்பதால் தரைப் பலகை, கல்லறை மூடி போன்றவற்றோடு அதன் உபயோகம் நின்றது.

களிமண்ணுக்கோ பஞ்சமே இல்லை. சுட விறகும் இருந்தது. சுட்ட செங்கல்லால் கட்டும் கலை 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது, ஒரு நூறு ஆண்டுக்குள் எல்லாக் கட்டடங்களையும் பிடித்துக்கொண்டது. 1251-லும் 1276-லும் லூபெக்கில் பெருந்தீ பரவியது. மரவீடுகள் நெருக்கமாக நின்ற ஊரில் தீ என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் வீடுகளும் செங்கல்லுக்கு மாறின.

இல்லாத கல்லுக்கு ஈடாகத்தான் செங்கல் வந்தது. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் கொத்தனார்கள் அந்தப் பொருளின் குணத்தைப் புரிந்துகொண்டு, அதற்கென்றே ஓர் அழகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏழைகளின் கோதிக்" என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன்.

இதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

1143-இல் ஹோல்ஷ்டைன் பிரபு இரண்டாம் அடோல்ஃப் லூபெக்கை நிறுவினார். 1159-இல் "சிங்கம்" என்று பெயர்பெற்ற சாக்சனிக் கோமகன் ஹைன்றிக் அதை மறுபடி நிறுவினார். அந்தக் காலத்தில் வணிகர்களுக்கென்று இங்கே ஒரு மரத் தேவாலயம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, சுமார் 1200-ஐ ஒட்டி ரோமனெஸ்க் பாணியில், அரைவட்ட வளைவுகளும் தடித்த சுவர்களுமாக, ஒரு செங்கல் தேவாலயம் கட்டினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் போதாமல் போயிற்று.

அப்புறம் எத்தனை முறை திட்டம் மாறியது?

இந்தக் கட்டடத்தின் மிகச் சுவையான பகுதி இதுதான்.

ரோமனெஸ்க் தேவாலயத்தை முதலில் ஒரு கூடத் தேவாலயமாக மாற்றத் தொடங்கினார்கள். கூடத் தேவாலயம் என்றால் நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஒரே உயரத்தில் இருக்கும். மேலே ஒரே பெரிய கூரை, வெளிச்சம் பக்கச் சுவர்களின் உயரமான சன்னல்கள் வழியாக வரும். வெஸ்ட்ஃபாலியா பகுதியில் இந்த வடிவம் பிரபலம். லூபெக்கில் குடியேறிய வணிகர்களில் பலருடைய பூர்விகம் அங்கேதான். தெரிந்த வடிவத்தையே பெரிதாகக் கட்டலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே அடுத்த மாற்றம் வந்தது. பிரான்சிலும் ஃப்ளாண்டர்ஸிலும் வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள் அங்கே எழுந்துகொண்டிருந்த பேராலயங்களைப் பார்த்திருந்தார்கள். பக்கக்கூடங்களைத் தாழ்வாக விட்டு, நடுக்கூடத்தை வானளாவ உயர்த்தி, அதன் மேல்சுவரில் சன்னல் வைத்து, வெளியிலிருந்து வளைவுகளால் முட்டுக்கொடுக்கும் முறை அது. 13-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கூடத் தேவாலயத் திட்டத்தைக் கைவிட்டு, கிழக்கே பலிபீடப் பகுதியை அந்தப் பிரெஞ்சு முறையில் புதிதாக எழுப்பினார்கள். அதன் உயரத்துக்கு ஈடாக மேற்குப் பக்கத்துக் கூடத்தையும் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. இப்படி ஒரே மனையில் நூற்றைம்பது ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு செங்கல் தேவாலயங்கள் ஒன்றை ஒன்று விழுங்கியிருக்கின்றன.

பலிபீடப் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. பிரெஞ்சுப் பேராலயங்களில் பலிபீடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை வரும். அந்தப் பாதையிலிருந்து சிறு சிற்றாலயங்கள் வெளியே விரியும். பாதைக்கு ஒரு வளைகூரை, சிற்றாலயத்துக்குத் தனியாக இன்னொன்று. லூபெக்கில் இரண்டையும் சேர்த்து ஆறு பகுதிகள் கொண்ட ஒரே வளைகூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். மேலே கூரை வேலை எளிதாயிற்று, உள்ளே நின்று பார்த்தால் இடம் ஒன்றோடொன்று கலந்து விசாலமாகத் தெரிகிறது. சின்னச் சின்னக் கல்லாகச் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு ஏற்ற, சிக்கனமான வழி இது. பால்டிக் கரை முழுக்க அடுத்த நூறு ஆண்டுக்கு இதைத்தான் பின்பற்றினார்கள்.

ஒரு புத்தகத்தில் 1251, இன்னொன்றில் 1265, வேறொன்றில் 1277 என்று தொடக்க ஆண்டு இருக்கிறதே, எது சரி?

எதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1251 தீவிபத்துக்குப் பிறகு நடந்த புதுப்பிப்பிலிருந்து கணக்கிடுகிறவர்கள் உண்டு. 1951-இல் நகரம் தேவாலயத்தின் 700-ஆம் ஆண்டைக் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். பிரெஞ்சு முறைக்கு மாறிய கட்டத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பிந்தைய ஆண்டைச் சொல்வார்கள். முடிந்த ஆண்டில் பெரிய வேறுபாடு இல்லை: கோபுரக் கூம்புகள் உட்பட வேலை முடிந்தது 1351-ஐ ஒட்டி. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொள்ளைநோய் லூபெக்கைத் தாக்கியிருந்தது. ஊரில் சாவு விழுந்துகொண்டிருந்த காலத்திலும் கோபுரத்தின் உச்சி வேலை நிற்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

ஆயர் இருக்கும் பேராலயம் இதுதானா?

இல்லை. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆயரின் பேராலயம் தீவின் தெற்கு முனையில் தனியாக இருக்கிறது. அதன் அடிக்கல்லை 1173-இல் ஹைன்றிக் கோமகன் நாட்டினார். புனித மரியாள் தேவாலயம் நகர மன்றத்தின் தேவாலயம், வணிகர்களின் தேவாலயம்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கட்டடம் ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்பது புரியும். 1226-இல் லூபெக் புனித ரோமப் பேரரசரின் நேரடி ஆட்சிக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. எந்தப் பிரபுவுக்கும் அது அடிபணிய வேண்டியதில்லை. லூனெபுர்க் உப்பையும் ஸ்கானியா கடற்கரை ஹெர்ரிங் மீனையும் கைமாற்றியே பெரும் பணம் சேர்ந்தது. மீனைக் கெடாமல் வைக்க உப்பு வேண்டும், அந்த உப்பு லூபெக் வழியாகத்தான் போனது. பிற்பாடு ஹன்சா என்று உலகம் அறிந்த வணிக நகரக் கூட்டணியின் தலைநகரே இதுதான்.

பணமும் அதிகாரமும் வணிகர்கள் கையில் இருக்க, ஆன்மிக அதிகாரம் மட்டும் ஆயர் கையில் இருந்தது. தேவாலயத்தின் பங்குக்குருவை யார் நியமிப்பது என்பதிலிருந்து பல விஷயங்களில் இரண்டு தரப்புக்கும் இழுபறி. ஆயரின் பேராலயத்தைவிடத் தங்கள் தேவாலயம் உயரமாக, புதிய பாணியில் இருக்க வேண்டும் என்று வணிகர்கள் விரும்பினார்கள். ஐரோப்பாவின் மற்ற இடங்களில் மன்னரோ ஆயரோ கட்டிய வடிவத்தை இங்கே சந்தைக்காரர்கள் தங்கள் செலவில் கட்டினார்கள். ஆயர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. பேராலயத்தையும் கோதிக் முறைக்கு மாற்றி, கிழக்கே புதிய பலிபீடப் பகுதியைச் சேர்த்தார்கள். ஆனாலும் அதன் கோபுரங்கள் சுமார் 115 மீட்டரோடு நின்றன.

நகர மன்றம் இந்தத் தேவாலயத்தைத் தன் சொந்த இடமாகவே நடத்தியது. மேயர்களுக்கென்று உள்ளே ஒரு சிற்றாலயம் உண்டு. அதற்கு மேல்தளத்து அறையில் நகரத்தின் மிக முக்கியமான பட்டயங்களையும் ஒப்பந்தங்களையும் பூட்டி வைத்திருந்தார்கள்.

பணம் எப்படித் திரண்டது?

பெரும்பாலும் நன்கொடையும் உயில்களும். லூபெக் வணிகர் உயில் எழுதினால் அதில் தேவாலயக் கட்டுமானத்துக்கென்று ஒரு தொகை இருப்பது வழக்கம். பணக்காரக் குடும்பங்கள் பக்கவாட்டில் சிற்றாலயம் கட்டிக் கொடுத்து, அங்கே தங்கள் குடும்பத்தாரை அடக்கம் செய்யும் உரிமையும் ஆன்மாவுக்கு வழிபாடும் பெற்றுக்கொண்டன. கட்டடத்தின் வெளிச்சுவர் நேர்கோடாக இல்லாமல் அங்கங்கே புடைத்துக்கொண்டு இருப்பது இந்தச் சேர்க்கைகளால்தான்.

செங்கல்லை எப்படிச் செய்தார்கள், எப்படி அடுக்கினார்கள்?

களிமண்ணை இலையுதிர்காலத்தில் தோண்டிக் குவித்து, குளிர்காலம் முழுக்க வெட்டவெளியில் விட்டுவிடுவார்கள். உறைபனி கட்டிகளை உடைத்து மண்ணை இளக்கிவிடும். வசந்தத்தில் தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைந்து, மர அச்சில் அடித்து, நிழலில் காயவைத்து, சூளையில் சுடுவார்கள். மண்ணில் உள்ள இரும்புச் சத்து சூட்டில் சிவப்பாக மாறும். நெருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கல்லும் வேறு நிறம். இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு என்று சுவரில் தெரியும் நிறபேதம் அங்கிருந்து வந்தது. அந்தப் பேதத்தைத்தான் நான் இந்தச் சுவர்களில் மிகவும் ரசிக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டு எந்திரச் செங்கல் சுவர்கள் ஒரே நிறத்தில் உயிரில்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இடைக்காலச் செங்கல் இன்றைய கல்லைவிடப் பெரியது. சுமார் 28 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 9 உயரம். நன்றாகக் கனக்கும், இருந்தாலும் ஒரு கையால் தூக்கி வைக்கலாம். பாறையைச் செதுக்கித் தூக்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ எளிது. இரண்டு கல்லை நீளவாக்கில் வைத்து அடுத்ததைக் குறுக்குவாக்கில் வைப்பது இந்தப் பகுதியில் மிகவும் வழக்கமான அடுக்கு. குறுக்குக் கல் சுவருக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். தடித்த சுவர்களில் வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல் கட்டி, நடுவில் உடைகல்லும் சாந்தும் நிரப்பினார்கள்.

கோதிக் என்றாலே நினைவுக்கு வரும் சிற்ப வேலைப்பாட்டைச் செங்கல்லில் செதுக்க முடியாது, செதுக்கினால் சுட்ட மேற்தோல் போய்விடும். அதனால் வடிவங்களைச் சுடுவதற்கு முன்பே அச்சில் எடுத்தார்கள். சன்னல் ஓரத்துக்கு உருண்டை முனைக் கல், தூணுக்கு வளைந்த கல், கூரையின் விலா வளைவுக்கு இன்னொரு வகை. பளபளப்புப் பூச்சிட்டுக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ சுட்ட கற்களையும் இந்தப் பகுதிக் கட்டடங்களில் வரிசையாகச் சேர்ப்பார்கள். வேண்டிய கற்களின் வகையையும் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சூளைக்குச் சொல்ல வேண்டும். இந்தத் திட்டமிடல்தான் செங்கல் கோதிக்கின் உண்மையான திறமை என்பேன். சிலைகளும் இலைக்கொடிகளும் குறைவாக இருப்பதால் பெரிய தளங்கள், நெட்டுக்குத்துக் கோடுகள், நிழல் ஆகியவற்றை வைத்தே அழகு காட்டினார்கள்.

38.5 மீட்டர் உயரத்தில் செங்கல் கூரை எப்படி நிற்கிறது?

விலா வளைவுகளை முதலில் மரச் சட்டத்தின் மேல் கட்டுவார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை மெல்லிய செங்கல் ஓடுபோல மூடுவார்கள். பாரம் விலா வழியாகத் தூணுக்கு இறங்கும். பாரம் நேராகக் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள, பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலாகப் பாயும் முட்டு வளைவுகளை வெளியே கட்டினார்கள். அவையும் செங்கல்தான். வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் அலங்காரமே இல்லாத, வேலையை மட்டும் செய்கிற வளைவுகளாக அவை தெரியும்.

பிரான்சில் போவே பேராலயத்தின் 48 மீட்டர்க் கூரை 1284-இல் இடிந்து விழுந்ததை வைத்துப் பார்த்தால், உயரம் கூடக்கூட ஆபத்து எவ்வளவு என்பது விளங்கும். லூபெக் கொத்தனார்கள் அந்தக் காலத்தில்தான், அதுவும் செங்கல்லில், இதைச் செய்தார்கள்.

உலகின் மிக உயரமான செங்கல் வளைகூரை என்று சொல்கிறார்களே?

அப்படித்தான் பரவலாக எழுதுகிறார்கள். ஆனால் இத்தாலியில் பொலோன்யாவின் சான் பெட்ரோனியோ தேவாலயக் கூரை சுமார் 44 மீட்டர், அதுவும் செங்கல். அந்தக் கூரை முடிந்தது 17-ஆம் நூற்றாண்டில். எனவே இடைக்காலத்தில் கட்டிமுடித்தவற்றில் உயரமானது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கோபுரங்கள் முதலிலிருந்தே இரண்டா?

இல்லை. மேற்கே முதலில் இருந்தது ஒற்றைக் கோபுரம்தான். 1304-இலிருந்து இரட்டைக் கோபுர வேலை தொடங்கியது. இரட்டைக் கோபுரம் பொதுவாகப் பேராலயங்களுக்கு உரிய அடையாளம். பங்குத் தேவாலயத்துக்கு அதை வைப்பது ஒரு துணிச்சலான அறிவிப்பு. கோபுரங்களின் ஒவ்வொரு தளத்திலும் ஒரே அளவு, ஒரே மாதிரி சன்னல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரெஞ்சு முகப்பில் இருக்கும் பெரிய ரோஜா வட்டச் சன்னலும் சிலை வரிசைகளும் இங்கே கிடையாது. அந்த எளிமை தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரும் கம்பீரமாகிறது. ஆற்றின் வழியே வரும் கப்பல்காரர்களுக்கு ஊர் தெரியும் முன்பே கோபுரம் தெரியும்.

கடிதச் சிற்றாலயம் என்றால் என்ன?

தெற்குக் கோபுரத்தை ஒட்டி 1310-இல் எழுந்த முன்கூடம். சந்தையிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்கான வாசல். எழுத்தர்கள் அங்கே உட்கார்ந்து மக்களுக்குப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. மெலிந்த இரண்டு கிரானைட் தூண்களிலிருந்து விலாக்கள் நட்சத்திரமாக விரியும் கூரை இங்கே உண்டு. பெரிய கூடத்தின் பிரமாண்டத்தைவிட இந்தச் சின்ன இடம் எனக்குப் பிடிக்கும்.

சாத்தான் கட்ட உதவினான் என்ற கதை?

ஊர்க்கதை. புதிதாக எழும் கட்டடம் மதுக்கடை என்று நினைத்துச் சாத்தான் ஓடியோடிக் கல் சுமந்தானாம். சுவர் உயர்ந்தபோது தேவாலயம் என்று தெரிந்து, ஒரு பெரிய பாறையை எடுத்து அதை நொறுக்க வந்தான். பக்கத்திலேயே மதுச்சாலை ஒன்று கட்டித் தருகிறோம் என்று மக்கள் வாக்களிக்கவே பாறையைப் போட்டுவிட்டுப் போனான். நகரமன்றத்தின் கீழே மதுக் கிடங்கு வந்ததற்கு இதுதான் விளக்கம். அந்தக் கல்லின் மேல் 1999 முதல் வெண்கலச் சாத்தான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடுவதில்லை.

உள்ளேயும் வெறும் செங்கல்லாகத்தான் இருந்ததா?

இல்லவே இல்லை. உள்ளே பூச்சும் வண்ணமும் இருந்தன. தூண்கள், விலாக்கள், மேல்சுவரில் புனிதர்களின் உருவங்கள், கொடிகள் என்று நிறைய ஓவியம். 1531-இல் லூபெக் கத்தோலிக்கத்திலிருந்து மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்த (லூத்தரன்) நெறிக்கு மாறியது. ஓவியங்கள் பின்னர் வெள்ளையடிப்புக்குள் மறைந்துபோயின. பல தலைமுறை மக்கள் அவை இருப்பதே தெரியாமல் அந்தக் கூரையின் கீழ் வழிபட்டிருக்கிறார்கள். இசையமைப்பாளர் டீட்ரிக் புக்ஸ்டெஹூடே 1668 முதல் 1707 வரை ஆர்கன் வாசித்ததும், அவரைக் கேட்க 1705-இல் இளம் இசைக்கலைஞர் ஜோஹன் செபாஸ்டியன் பாக் வந்ததும் அப்படி வெள்ளையடித்த கூடத்துக்குத்தான்.

இரண்டாம் உலகப் போரில் என்ன நடந்தது?

1942 மார்ச் 28-இலிருந்து 29 விடியும் இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் விமானப்படை லூபெக்கைத் தாக்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய நகரின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. மரியாள் தேவாலயம், பேராலயம், புனித பேதுரு தேவாலயம் மூன்றுமே எரிந்தன.

மரக்கூரையும் கோபுரக் கூம்புகளும் தீப்பிடித்து விழுந்தன. வளைகூரையின் சில பகுதிகள் இடிந்தன. ஆர்கன்கள், 16-ஆம் நூற்றாண்டின் வானியல் கடிகாரம், மரணத்தின் நடனம் என்ற புகழ்பெற்ற ஓவிய வரிசை எல்லாம் போயின. அந்த ஓவியத்தை 1463-இல் பெர்ன்ட் நோட்கெ வரைந்தார். எரிந்தது அதன் 1701-ஆம் ஆண்டுப் பிரதி. நோட்கெ வரைந்த இன்னொரு மரண நடனத்தின் ஒரு பகுதி எஸ்தோனியாவின் டாலினில் இன்றும் இருக்கிறது.

தெற்குக் கோபுரத்தின் மணிகள் எரிந்த சட்டங்களோடு கீழே விழுந்து, தரையைப் பிளந்து நொறுங்கின. அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். உடைந்த வெண்கலம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அந்த முடிவு மிகச் சரியானது என்று நினைக்கிறேன். எந்த நினைவுத்தூணும் சொல்லாததை அந்தத் துண்டுகள் சொல்கின்றன.

போலி ஓவிய வழக்கு என்று கேள்விப்பட்டேன். அது என்ன?

தீயின் சூட்டில் வெள்ளையடிப்பு உரிந்து விழுந்தபோது, உள்ளே மறைந்திருந்த இடைக்கால ஓவியங்கள் வெளியே தெரிந்தன. அழிவுக்கு நடுவில் கிடைத்த அபூர்வமான கண்டுபிடிப்பு அது. ஆனால் பல இடங்களில் மங்கலான தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவற்றைச் சீரமைக்கும் பணி டீட்ரிக் ஃபேய் என்பவரிடம் போனது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் லோதர் மால்ஸ்காட் என்ற ஓவியர். 1948 முதல் 1951 வரை வேலை நடந்தது. நடுக்கூடத்தில் இருந்த தடங்களின் மேல் தாராளமாகத் தீட்டினார்கள். பலிபீடப் பகுதியின் மேல்சுவரில் ஏறக்குறைய எதுவுமே இல்லாத இடத்தில் மால்ஸ்காட் தன் கற்பனையில் முழுப் புனிதர்களை வரைந்தார். 1951-இல் 700-ஆம் ஆண்டு விழாவில் எல்லோரும் அவற்றை வியந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) கொன்ராட் அடனாவர் விழாவுக்கு வந்தார், சிறப்பு அஞ்சல்தலையும் வெளியானது.

1952-இல் மால்ஸ்காட் தானே முன்வந்து உண்மையைச் சொன்னார். ஆரம்பத்தில் நம்ப மறுத்தார்கள். விசாரணையில் உறுதியானது. 1955-இல் தீர்ப்பு: ஃபேய்க்கு 20 மாதம், மால்ஸ்காட்டுக்கு 18 மாதம் சிறை. பலிபீடப் பகுதியின் போலிகளைக் கழுவி அழித்தார்கள்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் வருத்தம்தான். நடுக்கூடத்தில் உண்மையான 14-ஆம் நூற்றாண்டுக் கோடு எங்கே முடிகிறது, 1950-இன் தூரிகை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்துவிட்டன. தீ காட்டிக்கொடுத்த ஒரு சாட்சியத்தைச் சீரமைப்பு கெடுத்துவிட்டது. மங்கிய தடத்தை மங்கலாகவே விட்டுவைக்கும் பொறுமை அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இன்று நிற்பதில் எவ்வளவு பழையது?

சுவர்கள், தூண்கள், கோபுரங்களின் செங்கல் உடல், வளைகூரையின் பெரும்பகுதி இடைக்காலத்தவை. போருக்குப் பின் 1947-இல் தொடங்கிய மறுகட்டுமானம் 1950-களின் முடிவு வரை நீண்டது. இடிந்த வளைகூரைப் பகுதிகளைத் திரும்பக் கட்டினார்கள். மேலே மரத்துக்குப் பதிலாக இலகு கான்கிரீட்டில் கூரைச் சட்டம் அமைத்து, வெளியே செம்புத் தகடு போர்த்தினார்கள். மறுபடி தீ வந்தால் தாங்க வேண்டும் என்பதே காரணம். கூரை நடுவில் நிற்கும் சிறு மணிக்கூம்பு 1980-இல்தான் முடிந்தது.

சில பொருள்கள் தப்பின. ஹன்ஸ் அபெங்கெட்டர் 1337-இல் வார்த்த வெண்கலத் திருமுழுக்குத் தொட்டியும், 1518-ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் பீடமும் அவற்றில் முக்கியமானவை. 1697-ஆம் ஆண்டின் பரோக் தலைமைப் பீடம் சேதத்தோடு மிஞ்சியது. ஆனால் கோதிக் கூடத்தின் தூய்மை வேண்டும் என்று 1950-களில் அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. 250 ஆண்டு அங்கே நின்ற ஒன்றும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதானே? 1987-இல் லூபெக் பழைய நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதைப் பார்த்துக் கட்டிய தேவாலயங்கள் எவை?

பால்டிக் கரை நெடுக உண்டு. ஷ்ட்ரால்ஸுண்டின் புனித நிக்கோலாஸ், ரோஸ்டாக்கின் புனித மரியாள், ஷ்வெரின் பேராலயம், டோபெரான் மடாலயத் தேவாலயம், இன்று ஸ்வீடனில் இருக்கும் மால்மோவின் புனித பேதுரு எல்லாம் இதன் வழியில் வந்தவை. விஸ்மாரில் புனித நிக்கோலாஸின் நடுக்கூடம் 37 மீட்டர், லூபெக்கைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. அதே ஊரின் புனித மரியாள் தேவாலயம் போரில் சேதமடைந்தது. அதன் கூடத்தை 1960-இல் கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. லூபெக்கில் எதைக் காப்பாற்றினார்கள் என்பது அங்கே போனால்தான் முழுதாக உறைக்கும்.

நேரில் போனால் எங்கே தொடங்கலாம்?

உள்ளே போவதற்கு முன் கிழக்குப் பக்கமாக ஒரு சுற்று வாருங்கள். முட்டு வளைவுகளும் சிற்றாலயங்களின் புடைப்பும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். சுவரில் சதுரச் சிறு குழிகள் தெரிந்தால், பெரும்பாலும் அவை சாரக்கட்டின் மரங்களைச் செருகிய இடங்கள். அப்புறம் உள்ளே கடிதச் சிற்றாலயம், தெற்குக் கோபுரத்தின் உடைந்த மணிகள், பலிபீடத்தைச் சுற்றும் நடைபாதை. அந்த நடைபாதையில் கடைசி இராவுணவுச் சிற்பத்தில் ஒரு குட்டி எலி இருக்கிறது, தொட்டால் அதிர்ஷ்டம் என்று பலரும் தொட்டுத் தொட்டே கறுத்துப்போயிருக்கிறது. வளைகூரைக்கு மேலே அழைத்துப்போகும் வழிகாட்டிச் சுற்றுலா நடக்கும் நாளாக இருந்தால் தவறாமல் சேர்ந்துகொள்ளுங்கள். கூரையின் முதுகையும், அதற்கு மேல் போருக்குப் பிந்தைய கான்கிரீட்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அதன்பின் தெற்கே நடந்து பேராலயத்துக்கும் போய்விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் வணிகர்களுக்கும் ஆயருக்கும் நடந்த போட்டி கண்ணுக்குத் தெரியும்.